நரபலி: கூத்து முடிந்த இரவுகளில் என்னிடம் கேட்ட கேள்விகள்

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து, ஆடியில் முனியாண்டிக்குக் கிடா வெட்டு. இரண்டும் முடிந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கட்டாயம் ஒருத்தன் ஆரம்பிப்பான்: "அண்ணே, முந்தியெல்லாம் ஆளையே வெட்டுனாங்களாமே, நெசமா?" வருஷா வருஷம் ஒரே கேள்விகள்தான், ஆள்தான் மாறுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நரபலிக்கும் கொலைக்கும் என்ன வித்தியாசம்?

கொலையில் ரெண்டு பேர். நரபலியில் மூன்று பேர்: கொடுக்கிறவன், கொடுக்கப்படுகிறவன், வாங்கிக்கொள்கிற சாமி. மழைக்கோ, போரில் ஜெயிப்பதற்கோ, வாக்குக் கொடுத்ததற்கோ, ஏதோ ஒன்றுக்கு ஈடாக ஓர் உயிரைக் கொடுப்பது. அரசன் கொடுக்கும் மரண தண்டனை இதில் சேராது, போரில் சாவதும் சேராது.

இதைச் சொல்லும்போது ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகள் எதற்கெடுத்தாலும் 'பலி' என்று போடுகின்றன. பஸ் புரண்டால் மூவர் பலி, மரம் விழுந்தால் ஒருவர் பலி. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் அதே சொல்தான். எந்தச் சாமிக்கு யார் கொடுத்த பலி அது? ஆபத்தான சரிவு என்று தெரிந்தும் சனம் அங்கேயே குடியிருக்க வேண்டியிருந்தது, அதனால் செத்தார்கள். அதைப் பலி என்று சொன்னால் ஏதோ மேலே இருக்கிறவர் கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, உலகத்தில் நிஜமாகவே நடந்ததா, இல்லை எல்லாம் கதையா?

நடந்தது. சீனாவில் ஷாங் அரசர்களின் தலைநகரமாக இருந்த அன்யாங்கில் பலியானவர்களின் எலும்புகள் குழி குழியாகக் கிடைத்திருக்கின்றன, எத்தனை பேரைக் கொடுக்கலாம் என்று குறி கேட்ட எலும்பு எழுத்துகளும் இருக்கின்றன. நாகரிகத்துக்குப் பேர்போன ரோமர்களே கி.மு. 216இல் கன்னே போரில் கார்த்தேஜ் தளபதி ஹனிபலிடம் அடி வாங்கிய பயத்தில் இரண்டு கோல் (Gaul) இனத்தாரையும் இரண்டு கிரேக்கரையும் மாட்டுச் சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். நரபலி கூடாது என்று அவர்களுடைய செனட் தீர்மானம் போட்டது கி.மு. 97இல்தான். மெக்சிகோ நகரத்தில் 2015இல் அஸ்டெக்குகளின் மண்டையோட்டு அடுக்கையே தோண்டி எடுத்தார்கள், அதில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் 1487இல் ஒரே கோயில் விழாவில் எண்பதாயிரம் பேர் என்றெல்லாம் வரும் கணக்கை ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் அப்படியே ஏற்பதில்லை.

கிட்டத்தில் என்றால் ஒடிசா மலைகளின் கோந்து மக்கள். மஞ்சள் நன்றாக விளைய வேண்டும் என்று பூமித் தாய்க்கு 'மெரியா' என்ற ஆளைக் கொடுத்தார்கள். அதை நிறுத்தவே 1845இல் வெள்ளைக்காரன் தனி அலுவலகம் திறந்தான், பிறகு எருமை அந்த இடத்துக்கு வந்தது. இதில் முக்கியமான சங்கதி, மெரியாவை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விலை கொடுத்தாகிவிட்டது, பாவம் நம்மைச் சேராது. இந்த விலை விஷயம் கீழே இன்னொரு தடவை வரும்.

கிடா வெட்டும்போது ஏன் தலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் கேட்கிறார்கள்.

எங்கள் முனியாண்டி கோயில் தேயிலை மலைக்கு மேலே சவுக்கு மரத்தடியில் இருக்கிறது: ஒரு கல், ஒரு சூலம், ரெண்டு அரிவாள். கிடாவுக்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார். தப்பு மேளம் நின்றுவிடும், எல்லாரும் கிடாவையே பார்ப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் "உத்தரவு குடுத்துருச்சு" என்று ஒரு சத்தம் வரும், அடுத்த நொடி அரிவாள் இறங்கிவிடும். சிலுப்பாத வரைக்கும் வெட்டக் கூடாது.

பழைய கிரேக்கர்களும் இதையேதான் செய்தார்கள், பலி மாட்டின் தலையில் தண்ணீர் தெளித்து அது தலையசைத்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. வெட்டுகிற கைக்கு எங்கேயும் ஒரே கூச்சம்தான் போல. சாகிறது 'சரி' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கொலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நரபலிக் கதைகளைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் கிடாவைச் சிலுப்ப வைக்கப் பாடுபடுவது தெரியும்.

அரவான் தானாகத்தானே ஒத்துக்கொண்டான்?

தமிழ்ப் பாரதத்தில் ஆமாம். வியாச பாரதத்தில் களப்பலியே கிடையாது. அங்கே அவன் இராவான், அருச்சுனனுக்கும் நாகப் பெண் உலூபிக்கும் பிறந்தவன், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான், கதை முடிந்தது. களப்பலி தமிழில் வருவது. 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாரதத்தில் இருக்கிறது, வில்லிபுத்தூரார் அதை விரித்துச் சொல்கிறார். போரில் ஜெயிக்க வேண்டுமென்றால் சாமுத்திரிகா லட்சணம் எல்லாம் பொருந்திய ஒருவனை அமாவாசையில் காளிக்குக் கொடுக்க வேண்டும். துரியோதனன் முந்திப்போய் அரவானிடமே கேட்டு வாக்கு வாங்கிவிடுகிறான், பெரியப்பா முறை ஆயிற்றே. கிருஷ்ணன் விடுவாரா? அமாவாசையையே ஒருநாள் முன்னுக்கு இழுத்து, அரவானைப் பாண்டவர் பக்கத்துப் பலியாக்கிவிடுகிறார்.

முதலில் "என்னைக் கொடுங்கள்" என்று சொல்வதும் கிருஷ்ணன்தான். ஆனால் அவரைக் கொடுக்க முடியுமா? எல்லாரும் பதறுகிறார்கள். மிச்சம் இருப்பவன் நாகப் பெண்ணின் மகன், வில்லியில் அவனே முன்னுக்கு வருகிறான். எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்தும். அபிமன்யுவைப் பற்றி அந்தச் சபையில் பேச்சே எழவில்லை, சுபத்திரை மகன் அல்லவா.

சாகுமுன் கல்யாணம் கேட்டதும் கிருஷ்ணன் மோகினியாக வந்ததும் மக்கள் வழக்கில் உள்ள கதை. தமிழ்நாட்டுக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் தாலி கட்டி, மறுநாள் அறுத்து ஒப்பாரி வைப்பது இதை வைத்துத்தான். பாரதத்தில் அரவானுக்காக அழ நேரம் இருந்தவர்கள் குறைவு. அந்தப் பாக்கியை இவர்கள் வருஷா வருஷம் தீர்க்கிறார்கள்.

வேதத்தில் நரபலி உண்டா?

'புருஷமேதம்' என்று ஒரு யாகம் சொல்லப்படுகிறது. சதபத பிராமணம் என்ற வேத நூலில் ஆட்களைக் கம்பத்தில் கட்டியபின் "முடிக்காதே" என்று ஒரு குரல் வருகிறது, அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஐதரேய பிராமணத்துச் சுனச்சேபன் கதை, அதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அதில் வருகிற ராஜா யார் தெரியுமா? நம் அரிச்சந்திரனேதான், மயான காண்டத்தில் பொய்யே சொல்லாதவர். பிள்ளை பிறந்தால் உனக்கே தருகிறேன் என்று வருணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறந்த பிறகு "பல் முளைக்கட்டும்", "பல் விழட்டும்", "மறுபடி முளைக்கட்டும்", "ஆயுதம் பிடிக்கட்டும்" என்று தவணை சொல்லிக்கொண்டே போகிறார். கடைக்காரரிடம் பற்றுக் கொப்பிக்குத் தவணை சொல்கிற நமக்கு இது புரியும். மகன் ரோகிதன் காட்டுக்கு ஓடிவிடுகிறான். அங்கே பசியோடு கிடந்த அஜீகர்த்தன் என்ற பிராமணனிடம் நூறு பசு கொடுத்து, தனக்குப் பதிலாக ஒரு மகனை வாங்குகிறான். மூத்தவனைத் தர அப்பாவுக்கு மனமில்லை, இளையவனைத் தர அம்மாவுக்கு மனமில்லை, நடுப்பிள்ளை சுனச்சேபன் விலைக்குப் போகிறான். யாகத்தில் அவனைக் கட்ட ஆள் வரவில்லை. "இன்னொரு நூறு கொடுங்கள், நானே கட்டுகிறேன்" என்கிறான் பெற்ற அப்பன். வெட்டவும் ஆள் இல்லை. "இன்னொரு நூறு." கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறான்.

பையன் என்ன செய்தான்? "என் பாக்கியம்" என்று சொல்லவில்லை. இவர்கள் என்னை மனுஷனாகவே நினைக்கவில்லை, மாடு மாதிரி வெட்டப் போகிறார்கள் என்று நினைத்து, தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாடுகிறான். அவன் பெயரில் உள்ள பாட்டுகள் ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் இருக்கின்றன. பாடப் பாடக் கட்டு தளர்கிறது. விடுபட்டபின் அப்பன் வந்து "வா மகனே" என்றால், முந்நூறு பசுவை எனக்கு மேலாக நினைத்தவன் நீ என்று சொல்லிவிட்டு விசுவாமித்திரர் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். நான் படித்த நரபலிக் கதைகளில் கிடா சிலுப்ப மாட்டேன் என்று அடம்பிடித்து ஜெயித்தது இது ஒன்றில்தான்.

சிறுத்தொண்டர் கதையை எப்படிப் புரிந்துகொள்வது? சின்ன வயதில் கேட்டுத் தூக்கம் வரவில்லை.

வரக்கூடாதுதான். சேக்கிழாரே வாசகனைத் தூங்க விட நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. வாதாபியை அழித்த பல்லவ சேனாதிபதி பரஞ்சோதி, பிறகு திருச்செங்காட்டங்குடியில் அடியார்களுக்குச் சோறு போடும் சிறுத்தொண்டர். வடதேசத்துப் பைரவர் வேஷத்தில் சிவன் வந்து பிள்ளைக்கறி கேட்கிறார்: ஐந்து வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை, அம்மா பிடிக்க அப்பா அரிய வேண்டும், ரெண்டு பேரும் மனம் கோணக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து சீராளனைக் கூட்டிவருகிறார்கள். அம்மா மடியில் கிடத்தியதும் பிள்ளை சிரிக்கிறது. அப்பாவும் அம்மாவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கிறது என்கிறார் சேக்கிழார்.

அந்தச் சிரிப்புதான் இங்கே உத்தரவு. பிள்ளைக்கு விஷயம் தெரியாது. கடைசியில் பைரவர் "மகனைக் கூப்பிடு" என்கிறார், பள்ளிக்கூடம் விட்டு வருகிற மாதிரி ஓடி வருகிறான். பக்தர்கள் இதைப் பாசத்தையும் விட்ட பக்தி என்று படிக்கிறார்கள், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. எங்கள் அம்மாயி இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளை திரும்பி வரும் கட்டத்தை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார். அவருக்கு நாலு பிள்ளைகள் லயத்தில் பிறந்து ரெண்டு தங்கியது.

பைரவர் என்றதும் ஞாபகம் வருகிறது, கண்டி பஹிரவகந்தையில் பெண்களைப் பலி கொடுத்தது உண்மையா?

அது ஊர்க் கதை. கண்டி டவுனில் எங்கே நின்றாலும் தெரியும் அந்தப் பெரிய வெள்ளைப் புத்தர் சிலை நிற்கும் மலைதான். வருஷத்துக்கு ஒரு கன்னிப் பெண்ணை உச்சியில் கம்பத்தில் கட்டி, மண்ணைக் காக்கும் பஹிரவனுக்கு இரவெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்றும், கடைசியாகக் கட்டிய டிங்கிரி மெனிகாவைக் காதலன் ஏறிப் போய் அவிழ்த்துக்கொண்டு போனான் என்றும் சொல்வார்கள். அவளுக்குக் கதையில் பெயர் இருக்கிறது, முன்னே போனவர்களுக்குப் பெயர் இல்லை. கதையைக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தலையில் கட்டுவது வழக்கம். 1815இல் ராஜ்யத்தைப் பறிகொடுத்து வேலூருக்கு அனுப்பப்பட்டவர், திரும்பி வந்து மறுக்கவா போகிறார்? தோற்ற ராஜாக்கள் மேல் எதை ஏற்றினாலும் நிற்கும். பஹிரவன் என்ற பெயரில் நம் பைரவர் இருக்கிறார் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

இலங்கையின் பழைய நூல்களில் வேறு ஏதாவது?

மகாவம்சத்தில் விகாரமகாதேவி. களனி அரசன் தீசன் ஒரு தேரரை, அதாவது பௌத்த பிக்குவை, கொன்றுவிட்டான், கடல் பொங்கி நாட்டுக்குள் வருகிறது, அரசன் மகளைத் தங்கப் பாத்திரத்தில் ஏற்றிக் கடலில் விடுகிறான். அவள் தெற்கே உறுகுணையில் கரையேறி, காவன்தீசனை மணந்து, துட்டகைமுனுவுக்குத் தாயாகிறாள். நூலில் அரசன் ஏற்றுகிறான், அவ்வளவுதான். இன்றைக்குச் சொல்லும்போது "நாட்டுக்காக நானே போகிறேன்" என்று அவள் முன்வருகிறாள். நூற்றாண்டுகள் கழித்தும் யாரோ தண்ணீர் தெளித்துச் சிலுப்ப வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கிரேக்கத்திலும் இதே வேலை. கப்பல்களுக்குக் காற்று வர வேண்டும் என்று அகமெம்னன் மகள் இபிஜெனியாவைக் கொடுக்கிறான். ஈஸ்கிலஸ் எழுதியதில் அவள் சாபம் விட்டுவிடக் கூடாதென்று வாயைக் கட்டுகிறார்கள். பிறகு வந்த யூரிப்பிடிஸ் எழுதியதில் முதலில் கெஞ்சுகிறவள், அப்புறம் தானே நடந்து போகிறாள்.

ஆபிரகாம் கதையும் இதுதானே?

ஆமாம், ஆனால் அங்கே கை நிறுத்தப்படுகிறது, செம்மறிக் கடா வருகிறது. பைபிளில் ஈசாக்கு "பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" என்று கேட்கிற ஒரே கேள்விக்கு அப்பா நேரே பதில் சொல்லவில்லை. குர்ஆனில் இப்ராஹீம் நபி மகனிடம் கனவைச் சொல்லி அபிப்பிராயம் கேட்கிறார், மகன் கட்டளைப்படி செய்யுங்கள் என்கிறார். மகன் பெயர் அங்கே இல்லை, பெரும்பாலான முஸ்லிம்கள் இஸ்மாயீல் என்பார்கள். எங்கள் டவுனில் ஹஜ் பெருநாளுக்கு இறைச்சிப் பங்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையும் கூடவே வரும்.

அதே பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தாவின் மகள் இருக்கிறாள். வீட்டு வாசலில் முதலில் எதிரே வருவதைக் கொடுப்பதாக அப்பன் நேர்ந்துகொள்கிறான், மேளம் தட்டிக்கொண்டு மகள் வருகிறாள். அவள் சரி என்று சொல்லிவிட்டு, தோழிகளோடு ரெண்டு மாதம் மலைகளில் சுற்றி அழுதுவிட்டு வர அனுமதி கேட்கிறாள். அவளுக்குக் கடா எதுவும் வரவில்லை. பெயரும் எழுதவில்லை.

சிலப்பதிகாரத்திலும் இருக்கிறது என்கிறார்களே?

அதன் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரையைப் படியுங்கள். கண்ணகி கோபத்தால் பாண்டிய நாட்டில் மழை இல்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று சாந்தி செய்கிறான், மழை வருகிறது. சிலம்பைத் திருடியது ஒரு பொற்கொல்லன், செத்தது ஆயிரம் பேர், அதுவும் ஒரே வரியில். அதே கட்டுரையில் நம் கயவாகு மன்னன் இலங்கையில் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்ததும் வருகிறது. இங்கே சிங்களவருக்கு அவள் பத்தினி தெய்யோ, பத்தினித் தெய்வம். கண்டிப் பெரஹராவில் நாலு தேவாலய ஊர்வலங்களில் கடைசியாக வருவது அவளுடையது.

பாலம், அணைக்கட்டு கட்டும்போது பிள்ளை பிடிக்கிறார்கள் என்று சொல்வார்களே?

நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன். ரோட்டில் வேன் நின்றால் தேயிலைக்குள் ஓடி ஒளிவோம். இந்தப் பேச்சு உலகம் முழுக்க உண்டு, எங்கே பெரிய கட்டுமானம் வருகிறதோ அங்கே வரும். பெரிய வேலைகளில் தொழிலாளி சாவது நிஜம், அந்தச் சாவுக்குக் கணக்கு சொல்லாதது நிஜம், கேட்க முடியாத கேள்வி வதந்தியாக வெளியே வருகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷினுக்குப் பக்கத்தில் சக்கரத்து முனியான ரோதை முனிக்கு விளக்கு வைப்பதும் அந்தச் சக்கரத்துக்குக் கையைக் கொடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில்தானே. ரோதை முனி சேவலோடு திருப்திப்படுகிற சாமி.

புதையலுக்கு நரபலி?

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' படம் இதைத்தான் காட்டுகிறது: புதையல் எடுக்க, குறிப்பிட்ட மச்சம் உள்ள பெண் வேண்டும் என்று தேடிக் கல்யாணம் செய்கிற ஒருவன். பார்க்காதவர்கள் பாருங்கள். நிஜத்தில் இது பச்சைக் கொலை, தண்டனைச் சட்டக் கோவையின் 296ஆம் பிரிவு, அதற்கு மேல் விளக்கம் இல்லை. 2022இல் கேரளத்து இலந்தூரில் இரண்டு பெண்களைக் கொன்றதும் பணம் சேரும் என்ற பேராசையில்தான்.

பூசணிக்காய் உடைப்பது நரபலிக்குப் பதிலா?

குங்குமம் தடவி உடைத்தால் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். காளிகா புராணம் பூசணியையும் கரும்பையும் பலிக்கு ஈடாகச் சொல்கிறது. உடைத்ததை ரோட்டிலிருந்து தள்ளிவிடுங்கள், மழை ஈரத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் மறுபடி பத்திரிகையில் 'பலி' என்று வரும்.

இதை நிறுத்தினவர்கள் கதை ஒன்றாவது உண்டா?

சீனாவில் உண்டு. யே என்ற ஊரில் நதித் தெய்வத்துக்கு வருஷம் ஒரு ஏழைப் பெண்ணை மணப்பெண்ணாகக் கொடுப்பார்கள், சூனியக்கிழவியும் ஊர்ப் பெரியவர்களும் கல்யாணச் செலவு என்று சனத்திடம் தண்டல் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்த அதிகாரி சீமன் பாவ் கரைக்கு வந்து பெண்ணைப் பார்த்தார். "அழகு போதாது. வேறு பெண் தருகிறோம் என்று சாமியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்" என்று கிழவியைத் தூக்கி ஆற்றில் போடச் சொன்னார். கிழவி வரவில்லை. "ஏன் தாமதம், போய்ப் பாருங்கள்" என்று சிஷ்யைகளை. அவர்களும் வரவில்லை. அப்புறம் ஒரு பெரியவரை. மிச்சம் இருந்தவர்கள் நெற்றி உடைய மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு பன்னிரண்டு வாய்க்கால் வெட்டி அந்த ஆற்றை வயலுக்குத் திருப்பினாராம்.

அப்போ நம் கிடா வெட்டையும் நிறுத்த வேண்டுமா?

முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் 2011இல் எதிர்ப்பு வந்து நின்றது. 2018இல் இந்துக் கோயில்களில் மிருக பலியைத் தடுக்கும் சட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கொழும்பில் இறைச்சிக் கடை எல்லாம் திறந்திருக்க, வருஷத்துக்கு ஒரு தடவை கறி சாப்பிடுகிற லயத்துச் சனத்திடம் வந்து ஜீவகாருண்யம் பேசுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் நான் இப்போது வெட்டும்போது பக்கத்தில் நிற்பதில்லை.

காரணம் நாலு வருஷத்துக்கு முந்திய ஆடி. அன்றைக்கு ஒரே மூட்டம், சாரல், பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. கறுப்புக் கிடா. பூசாரி தண்ணீர் தெளித்தார், அது அப்படியே நின்றது. இன்னொரு கை தெளித்தார், நின்றது, சூலத்துப் பூவை எட்டித் தின்னப் பார்த்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், யாரோ "குத்தம் ஏதோ இருக்கு" என்று முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒரு பெடியன் பீலியில் (மலைத் தண்ணீர் விழும் குழாயில்) பிடித்த தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து முதுகில் கவிழ்த்தான்.

சிலுப்பியது. அந்தக் குளிரில் அந்தத் தண்ணீருக்கு நானும் சிலுப்பியிருப்பேன்.